அனுப்பாதவை

முன்னறையிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சாஜிதாவின் கை அப்படியே நின்றது. வீட்டில் அவளையும் உம்மா சுல்தான் பீவியையும் தவிர வேறு யாரும் இல்லை. உம்மாவின் அழுகை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது வேறொரு பெண்ணின் குரல். தொண்டைக்குள் எதையோ விழுங்கப் பார்த்து, முடியாமல், உடைந்து வெளியே வரும் அழுகை. அதற்குப் பின்னால் ஓயாமல் தண்ணீர் விழும் இரைச்சல்.

இன்னும் மூன்று நொடியில் அந்தப் பெண் மூக்கைச் சிந்துவாள் என்பதும் சாஜிதாவுக்குத் தெரியும். ஒன்று. இரண்டு. மூன்று.

மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் சொன்னது: "எம் மவ வளைகாப்புக்கு எனக்கே சொல்லலை தாயி."

கத்தி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"ஏட்டி சாஜி, இங்கன வா" என்று உம்மா கூப்பிட்டாள். "ஒங்க காலேஜிப் படமாம்லா. பக்கத்து வீட்டு மிஸ்ரியா வாட்சப்புல அனுப்பியிருக்கா. பாவம்ட்டி இந்தப் பொம்பளை, என்னமா அழுவுதா!"

சாஜிதா ஓடிவந்து போனை வாங்கிப் பார்த்தாள். குற்றாலத்தின் பாறை. காயப்போட்ட சேலைகள். ஈரமான படிக்கட்டில் நடக்கும் பாதங்கள். அவற்றின் மேல் முத்துவடிவு என்ற அந்தப் பெண்ணின் அழுகை ஒரு நிமிடம் பத்து நொடி ஓடியது. தன் கையாலேயே சாஜிதா வெட்டி எடுத்த அழுகை. யாரும் கேட்கக் கூடாது என்று ஒரு தாய் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்ட அழுகை. அது இப்போது மிஸ்ரியாவின் போனில் இருக்கிறது, உம்மாவின் போனில் இருக்கிறது, இன்னும் எத்தனை ஆயிரம் பேரின் போனில் இருக்கிறதோ!

படத்தின் கடைசியில் பெயர்கள் வந்தன. இயக்கம் புவனேஷ். ஒளிப்பதிவு இன்னொருவன். ஒலி என்று ஒரு வரியே இல்லை. எல்லாம் முடிந்து, திரை இருட்டாகப் போகும் நேரத்தில், 'நன்றி' என்ற தலைப்பின் கீழே, டீக்கடைக்காரர் பெயருக்கும் வேன் டிரைவர் பெயருக்கும் நடுவில் அவளுடைய பெயர் இருந்தது.

அந்த இடத்திலேயே நின்று அவள் புவனேஷுக்குப் போன் செய்தாள்.

"படம் பாத்தியா? செமயா வந்திருக்குல்லா?" என்றான் அவன்.

"அந்த அழுகைய யாருலே போடச் சொன்னா?"

"நீ எடுத்ததுல பெஸ்டே அதுதான் பிள்ளே. அதைப் போயி வெட்டித் தனியா ஒளிச்சு வச்சிருக்கே. அழுகை இல்லாத படத்தை எவன் பாப்பான்? ஒரே நாள்ல பத்தாயிரம் வியூஸ். சாரே சந்தோசமா இருக்காரு. ஒனக்கும் நன்றின்னு பேரு போட்டிருக்கோம்லா, அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன! ஒரு மனுஷியின் வயிற்றெரிச்சலைப் பிடுங்கி எடுத்துச் சந்தையில் வைத்துவிட்டு, அப்புறம் என்ன என்று கேட்கிறான். அவனுக்கு இருபது வயது. அதற்குள் இப்படி ஒரு தோல் எங்கிருந்து வளர்ந்தது?

சாஜிதா போனை வைத்தாள். அழவில்லை. அந்த வீட்டில் அழுவதற்கு ஒரு முறை உண்டு. அது தெரிந்தால்தான் இவளைத் தெரியும்.

தென்காசியில் அவர்கள் இருப்பது இரண்டு அறைகளும் ஓர் அடுப்படியும் கொண்ட வாடகை வீடு. வாப்பா மசூது சவூதியில் தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். மீதி நாளெல்லாம் அவருக்கு வீடு என்பது குரல்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் போனைத் திறக்கும்போது வீட்டிலிருந்து ஒரு குரல் பதிவு காத்திருக்க வேண்டும். அதை எடுத்து அனுப்புவது சாஜிதாவின் வேலை. ஏழு வயதிலிருந்தே அவள்தான் போனைப் பிடிப்பாள்.

உம்மா பேசுவாள். பேசி முடித்ததும் இருவரும் உட்கார்ந்து ஒருமுறை கேட்பார்கள். குரல் எங்கேயாவது தழுதழுத்திருந்தால் அது போகாது. மறுபடி எடுக்க வேண்டும்.

"உம்மா, 'நல்லா இருக்கோம்'னு சொல்லும்போது மூக்கை உறிஞ்சிட்டிய."

"சளிட்டி அது."

"சளின்னு வாப்பாவுக்குத் தெரியுமா? திரும்பச் சொல்லுங்க."

உம்மா சிரித்துவிட்டுத் திரும்பச் சொல்வாள். இந்தப் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் போன பல வீடுகளில் இப்படித்தான். வெயிலில் மூட்டை தூக்குகிறவனுக்கு வீட்டின் கண்ணீரையும் சேர்த்து அனுப்பக் கூடாது. ஆனால் இந்த வீட்டில் இன்னொரு வழக்கம் இருந்தது. அனுப்பாத பதிவுகளைச் சுல்தான் பீவி அழிக்க மாட்டாள். "அழுதது அழுததுதானே, அது எங்க போவும், இருக்கட்டும்" என்பாள். மூன்று போன் மாறிவிட்டன. அந்த மெமரி கார்டு மட்டும் மாறவில்லை. அதில் 'அனுப்பாதவை' என்று ஒரு தொகுப்பு. பெயர் வைத்தவள் சாஜிதா.

அவள் விஸ்காம் படிக்க ஆசைப்பட்டபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்குக் கேமரா எதற்கு என்றார்கள். வாப்பாதான் தம்மாமிலிருந்து ஒரே வார்த்தையில் முடித்தார். "படிக்கட்டும். ஆனா ஒரு பேப்பர் போனாலும் அதோட நிப்பாட்டிருவேன். எல்லாம் பாஸானா, மெட்ராஸ்ல சவுண்டு படிக்கணும்னு சொல்லுதால்லா, அதுக்கும் அனுப்புதேன்." இரண்டரை வருடமும் ஒரு பேப்பர்கூடப் போகவில்லை. பாக்கி இருந்தது கடைசிப் பருவத்துப் பிராஜெக்ட் மட்டும்தான்.

நாலு பேர் கொண்ட குழு. மூன்று பேர் பையன்கள். கேமராவுக்கு அவர்களுக்குள்ளேயே அடிதடி. மைக்கை யாரும் தொடவில்லை. "லேசான வேலை, நீ வச்சுக்கோ" என்று இவளிடம் தள்ளினார்கள். குற்றாலத்துப் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தைப் பற்றிய படம் என்று முடிவாயிற்று. அங்கே கேமரா கொண்டுபோகக் கூடாது. போகவும் வேண்டாம். குரலை மட்டும் எடுத்து, வெளியே எடுத்த காட்சிகளோடு சேர்ப்பது என்பது சாஜிதாவின் யோசனை. படத்தின் உயிரே அந்த யோசனைதான். ஒப்புக்கொண்டவர்கள் பிறகு அதைத் தங்கள் யோசனை என்று சொல்லிக்கொண்டார்கள். போகட்டும்.

கார்த்திகை மாதம் முழுவதும் அவள் பஸ் ஏறிக் குற்றாலம் போனாள். ஐயப்பசாமிகள் கூட்டம். அருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் எடுத்ததை வீட்டில் கேட்டால் பேச்சே இல்லை, வெறும் இரைச்சல். நாலு நாள் அலைந்து ஓர் இடம் கண்டுபிடித்தாள். உடை மாற்றும் அறையின் பின்சுவரை ஒட்டி ஒரு மூலை. அங்கே சுவர் அருவியை மறைத்தது. மனிதக் குரல் முன்னால் வந்தது, தண்ணீர் பின்னால் போனது.

அந்த மூலையில்தான் முத்துவடிவு உட்கார்ந்திருந்தாள்.

ஐம்பது வயதிருக்கும். குளிக்கப் போகும் பெண்களின் பைகளையும் நகைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சோப்பும் சீயக்காய்ப் பொட்டலமும் விற்பாள். ஒரு பிளாஸ்டிக் முக்காலி, ஒரு நைலான் கூடை, அவ்வளவுதான் அவள் கடை. மைக்கைச் சுற்றியிருந்த ரோம உறையைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது:

"என்னட்டி இது, கம்பளிப்பூச்சிய எம் மூஞ்சிக்கு நேரா நீட்டுதே?"

"காத்துச் சத்தம் வராம இருக்கறதுக்குப் பெரியம்மா."

"காத்து வராட்டா மனுசன் எப்படிப் பேச? சரி, கேளு. என்ன கேக்கணும்?"

அன்றிலிருந்து பதினோரு நாள் சாஜிதா அவளிடம் கேட்டாள். கேட்டாள் என்பதைவிட, வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதுதான் சரி. ஒருவர் பேசும்போது நாம் 'ம்' கொட்டினால் அதுவும் பதிவில் விழுந்துவிடும். கண்ணாலும் தலையாலும் மட்டுமே 'ம்' கொட்ட அவள் பழகினாள். பேச்சு நின்றதும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் ஐந்து நொடி பொறுக்கப் பழகினாள். அந்த ஐந்து நொடியில்தான் மனிதர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். தினமும் கிளம்பும் முன் ஒரு நிமிடம் யாரும் பேசாத அருவியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளவும் பழகினாள். பேச்சில் ஓரிடத்தை வெட்டினால் பின்னால் அருவியும் திடீரென்று நின்றுபோகும். அந்த ஓட்டையில் இந்த வெறும் அருவியை ஒட்டுப்போட்டுத் தைத்துவிடலாம். இதெல்லாம் லேசான வேலையாம்!

பத்தாவது நாள் அப்படி ஓர் ஐந்து நொடி அமைதிக்குப் பிறகுதான் முத்துவடிவு உடைந்தாள்.

அவள் மகள் மஞ்சுவைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தாள். சம்பந்தி வீட்டார் கடை கண்ணி என்று வசதியானவர்கள். மஞ்சு அவர்களிடம் தன் அம்மா குற்றாலத்தில் பேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். ஐந்தாம் மாதம் வளைகாப்பு நடந்தது. பெற்றவளுக்குச் சொல்லவில்லை. வந்தால் யாராவது கடையைப் பற்றிக் கேட்பார்கள், பொய் உடைந்துவிடும். முத்துவடிவு வாங்கிவைத்த கண்ணாடி வளையல்கள் அந்த நைலான் கூடையின் அடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தன. சீயக்காய்ப் பொட்டலங்களை விலக்கி அவற்றை எடுத்துக் காட்டியபோதுதான் அந்த அழுகை வந்தது.

அழுது ஓய்ந்ததும் அவள் சாஜிதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "தாயி, மத்ததெல்லாம் போடு. சோப்பு வித்தது, செருப்புத் தொலைஞ்சது, சாமிமாரு கூட்டம் எல்லாம் போடு. இதை மட்டும் எடுத்துரு. அவ அங்கன நல்லா இருக்கட்டும்."

"எடுத்துருதேன் பெரியம்மா."

"அல்லா மேல சத்தியமா?"

"சத்தியமா."

எடுத்தாள். ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியாதபடி அருவியை வைத்துத் தைத்தாள். ஆனால் ஒரு தவறு செய்தாள். வெட்டிய துண்டை அழிக்கவில்லை. அழுகையை அனுப்பக் கூடாது, அழிக்கவும் கூடாது என்று பழகிய கை. கல்லூரி எடிட்டிங் அறைக் கம்ப்யூட்டரில் 'அனுப்பாதவை' என்று ஒரு தொகுப்பைத் திறந்து அதில் போட்டு வைத்தாள். அவள் வீட்டில் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தப் பெயரைப் பார்த்தால் யாரும் திறக்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவி மகள். உலகம் முழுவதும் தன் உம்மாவின் மெமரி கார்டு மாதிரி இருக்கும் என்று நம்பிவிட்டாள்!

காய்ச்சலில் மூன்று நாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அந்த மூன்று நாளில் புவனேஷ் அதைத் திறந்தான். கேட்டான். எடுத்துப் படத்தில் வைத்தான். துறைத் தலைவர் இசக்கிமணி பார்த்துவிட்டு, "இதுதாம்லே படம்" என்று தோளைத் தட்டினாராம். அன்றே யூடியூபில் ஏறியது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சாஜிதா குற்றாலம் போனாள். பங்குனி வெயில். அருவியில் நூல் நூலாகத்தான் தண்ணீர். அந்த மூலையில் முக்காலி இருந்தது, முத்துவடிவும் இருந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று சாஜிதா எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"வா" என்றாள் முத்துவடிவு. "கம்பளிப்பூச்சி கொண்டு வரலையா?"

"பெரியம்மா, நான் போடலை. எனக்குத் தெரியாமப் போட்டுட்டானுவ."

"மஞ்சு நேத்துப் போன் பண்ணினா. 'எதுக்கும்மா இப்படிச் செஞ்சே'ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டா. அதுக்குப் பிறகு எடுக்க மாட்டேங்கா. மாமியாக்காரி முன்னாடியே போட்டுக் காமிச்சிருக்கா பக்கத்து வீட்டுக்காரி." முத்துவடிவு கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஒம்பது மாசம் அவளுக்கு. நான் எதுக்குச் சொன்னேன் தெரியுமா தாயி? அந்தச் சவத்து மைக்கைப் பாத்தா சொன்னேன்? நீ மூச்சுக்கூட விடாமக் கேட்டே. எம் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை. அதுக்காகச் சொன்னேன்."

சாஜிதா பதினோரு நாள் கஷ்டப்பட்டுப் பழகிய வித்தை அது. அதே வித்தைதான் இந்தத் தாயைப் பேசவைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறது.

"நான் அதை எடுக்கவச்சிருவேன் பெரியம்மா."

"எடுத்துருதேன்னு முந்தியும் சொன்னியே" என்றாள் முத்துவடிவு. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அங்கிருந்து நேரே கல்லூரிக்குப் போனாள். இசக்கிமணி சார், "திங்கக்கிழமை வெளியிலேருந்து எக்ஸாமினர் வாராரு, இப்பப் போயி படத்துல கைவைக்கவா? போம்மா" என்று அனுப்பிவிட்டார். பிராஜெக்டோடு ஒவ்வொரு மாணவரும் 'நான் கற்றவை' என்று ஐந்து பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தயாரிப்பில் என்ன திறமைகளை வளர்த்துக்கொண்டாய், எங்கே தவறினாய், அடுத்த முறை என்ன செய்வாய். கூட்டு முயற்சி, தலைமைப் பண்பு, நேர மேலாண்மை என்று புவனேஷ் அரை மணி நேரத்தில் எழுதி முடித்தான். மற்ற இருவரும் அதைப் பார்த்து எழுதினார்கள்.

சாஜிதா இரண்டு நாள் எழுதினாள். மூலை தேடியதை எழுதினாள், 'ம்' கொட்டாமல் இருந்ததை எழுதினாள், அருவியால் ஒட்டுப்போட்டதை எழுதினாள். நான்காம் பக்கத்தில் இப்படி எழுதினாள்:

'ஒருவரைப் பேசவைக்கும் திறமையை இந்தப் பாடத்தில் கற்றேன். பேசியதைக் காப்பாற்றும் திறமையை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வெட்டிய பகுதியை நான் பொதுக் கம்ப்யூட்டரில் வைத்தது என் தவறு. அதை எடுத்து, பேசியவரின் சம்மதம் இல்லாமல் படத்தில் சேர்த்தது என் குழுவின் தவறு. அதைப் பாராட்டியது என் துறையின் தவறு. இந்தப் படம் வெளியே இருக்கும்வரை நான் இதில் கற்ற எதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.'

வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், வாசலில் பைக் நின்றது. இசக்கிமணி சார் வந்திருந்தார்.

உம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சாஜிதா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சார் உட்கார்ந்தார். பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று அவளுடைய நான்காம் பக்கம். இன்னொன்று அச்சடித்த ஒரு படிவம்.

"ஒன்னைய எம் மக மாதிரி நெனச்சுத்தாம்மா வீடு தேடி வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். "இந்தப் பக்கத்தை மட்டும் மாத்தி எழுதிக் கொடுத்துரு. அப்புறம் இதுல ஒரு கையெழுத்து. மெட்ராஸ்ல மாணவர் திரைப்பட விழா, நம்ம படம் தேர்வாகியிருக்கு. தென்காசியிலேருந்து போற ஒரே படம். பேசினவங்க சம்மதிச்சாங்கன்னு பேட்டி எடுத்த ஆளு சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம். எடுத்தது நீதானே."

"அவங்க சம்மதிக்கலையே சார்."

"மைக் முன்னால உக்காந்து பேசினாலே சம்மதம்தானம்மா?"

"வேண்டாம்னு சொன்னதும் அதே மைக்லதான் சார் இருக்கு. அதை நீங்க கேக்கலையா?"

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு மறுபடி இனிமையானது. "ஒனக்கு வருத்தம் என்னன்னு எனக்குத் தெரியும். பேரு வரலைன்னுதானே? ஒலிப்பதிவு சாஜிதான்னு தனியா ஒரு கார்டே போட்டுருவோம். மெட்ராஸ்ல மேடையேறி நீயும் வாங்கலாம். மேல்படிப்புக்கு அது எவ்வளவு உதவும்! சவுண்டு படிக்கணும்னு சொன்னேல்லா?"

எப்படிப்பட்ட வார்த்தை பாருங்கள்! அவளுடையதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அதையே அவளுக்குக் கூலியாகக் கொடுக்கப் பார்க்கிறார்.

"எனக்குப் பேரு வேண்டாம் சார். படத்துலேருந்து அதை எடுத்துருங்க. எடுத்துட்டு அனுப்புங்க, கையெழுத்துப் போடுதேன்."

"அதை எடுத்துட்டா அதுல என்னம்மா இருக்கு?" என்று அவர் கையை விரித்தார். "சரி, வெளிப்படையாவே சொல்லுதேன். பிராஜெக்ட் மார்க்கு எங் கையில இருக்கு. குழுவோட ஒத்துழைக்கலைன்னு ஒரு வரி எழுதினா ஒனக்கு அந்தப் பேப்பர் போயிரும். ஒங்க வாப்பா என்ன சொல்லியிருக்காருன்னு நீயே ஒருநாள் சொன்னே. யோசிச்சுக்கோ."

எப்போதோ அவரை நம்பிச் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்து அவள் கழுத்துக்கே கயிறாகப் போட்டார் அந்த ஆசிரியர். முத்துவடிவுக்கு நடந்ததேதான் இப்போது அவளுக்கும் நடந்தது.

அப்போது அடுப்படித் திரைச்சீலை விலகியது. சுல்தான் பீவி ஒரு கையில் டீயோடும் மறு கையில் போனோடும் வந்தாள். வெளி ஆண்கள் முன்னால் அதிகம் பேசாதவள் அவள். டீயை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். போனில் ஒரு பதிவைத் தொட்டாள்.

அறையில் ஓர் அழுகை எழுந்தது. முதலில் மூச்சுத் திணறல். பிறகு, "வயித்துப் புள்ளை போயிருச்சுங்க... ஆறு மாசம்... ஆம்பளைப் புள்ளை... நீங்க இல்லாம நான் தனியா..." என்று ஒரு பெண் கதறினாள். நடுவில் ஒரு சின்னப் பிள்ளையின் குரல், "உம்மா, அழாதீங்க உம்மா, இது போவாது, திரும்ப எடுப்போம்" என்றது.

அந்தப் பிள்ளையின் குரல் சாஜிதாவுடையது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

உம்மா போனை நிறுத்தினாள்.

"நாந்தான் சார் அழுதது. பதினோரு வருசமாச்சு. இது எம் புருசனே இன்னிவரைக்கும் கேக்காதது. அன்னிக்கு அவுகளுக்குப் போனது, 'நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீயளா'ங்கறது மட்டும்தான்." அவள் குரல் நடுங்கவேயில்லை. "நல்லா அழுதிருக்கேம்லா சார்? இதையும் ஒங்க படத்துல போட்டுக்கிடுதீயளா?"

இசக்கிமணி சார் எழுந்துவிட்டார். "என்னம்மா இது... இது ஒங்க வீட்டு விசயம்."

"அப்ப அந்த அம்மா அழுதது யாரு வீட்டு விசயம் சார்?"

டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

சாஜிதா கண்ணைத் துடைத்தாள். படிவத்தை எடுத்துச் சுவரில் வைத்தாள். "கையெழுத்துதானே சார் வேணும்? போடுதேன்" என்றாள். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. 'பேசியவரின் சம்மதம் பற்றிய விவரம்' என்று அச்சிட்டிருந்த கோட்டின் மேல் அவள் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'அழுத பகுதிக்குப் பேசியவர் சம்மதிக்கவில்லை. அதை நீக்கச் சொன்னார். நீக்குவதாக நான் சத்தியம் செய்தேன்.' கீழே தன் முழுப் பெயரையும் தேதியையும் போட்டாள். பிறகு தன் போனை எடுத்து அதை ஒரு படம் பிடித்துக்கொண்டாள்.

"படம் எதுக்குப் பிடிக்கே?" என்றார் அவர்.

"முதல் செமஸ்டர்ல நீங்க சொன்னதுதான் சார். எந்தக் காகிதத்தையும் நகல் இல்லாமக் கொடுக்கக் கூடாதுன்னு. திங்கக்கிழமை எக்ஸாமினர் கேட்டா காமிக்கணும்லா. விழாக்காரங்களுக்கும் இதை அனுப்பிருதேன்."

"மார்க்கை மறந்துரு. ஒம் படிப்புல நீயே மண்ணள்ளிப் போடுதே."

"பேப்பர் போனா வாப்பாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன் சார். என்ன நடந்துதுன்னு முழுசாச் சொல்லுவேன். அழுகை வந்தாலும் வெட்டாம அனுப்புவேன்."

உம்மா திரும்பி மகளைப் பார்த்தாள்.

இசக்கிமணி சார் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டினார். படிவத்தை வேண்டுமென்றே நாற்காலியில் விட்டுவிட்டுப் போனார் என்பது தெரிந்தது. சாஜிதா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் நீட்டினாள்.

"சார், இதை வச்சுட்டுப் போறீயளே."

தெருவில் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை வாங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. வாங்கி, மடிக்காமல் பைக்குள் திணித்துக்கொண்டு, பைக்கை உதைத்தார். சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

சுல்தான் பீவி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.